முதலில் நோயாளி, பிறகு விண்ணப்பம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில், தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழர் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான். பையன் என்ன படிக்கப் போகிறான்? பெண்ணை எதில் சேர்ப்பது? உயிரியல் எடுத்த பிள்ளை என்றால் முதல் விடை 'டாக்டர்' என்பதுதான். நீட் தேர்வில் மதிப்பெண் குறைந்து போனாலோ வீட்டில் குழப்பம் குடிபுகுந்து விடுகிறது. பல் மருத்துவமா, செவிலியர் படிப்பா, பார்மசியா, பிசியோதெரபியா என்று பட்டியல் நீளுகிறது. அண்மைக் காலமாக அப்பட்டியலில் மற்றொரு பெயரும் ஏறியிருக்கிறது. அதுதான் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு. அப்பணியைச் செய்பவரை இக்கட்டுரையில் 'மருத்துவர் துணைவர்' என்று குறிப்பிடுகிறேன்.

அப்படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவன் நான். நல்ல படிப்பு. அதைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. இரண்டு செய்திகளை நம் மன்றத்துத் தோழர்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒன்று: இப்படிப்புக்கு விண்ணப்பம் போடும் முன்னர், ஆறு மாதமேனும் நோயாளியின் அருகில் நின்று வேலை பார்க்க வேண்டும். மற்றொன்று: அந்த வேலையைத் தேர்ந்தெடுப்பதில் நாம் கையாளும் அளவுகோல் சரியானதன்று, அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

யார் இந்தத் துணைவர்?

நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுபவர் துணைவர். உடலைப் பரிசோதித்து, கண்டதை மருத்துவரிடம் கூறுபவர். அறுவை அரங்கில் உடன் நிற்பவர். வார்டில் சோதனை முடிவுகளைத் தொகுத்து வைப்பவர். வீடு திரும்பும் நோயாளிக்கு எந்த மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும் என்பதைப் பொறுமையாக விளக்குபவர். இத்தனையும் மருத்துவரின் மேற்பார்வையில் நடைபெறும். அவர் மருத்துவர் அல்லர், செவிலியரும் அல்லர். மருத்துவருக்கு அடுத்த இடத்தில் நின்று, அந்த இடத்தின் எல்லையை அறிந்து பணி புரிபவர்.

இத்தொழில் பிறந்த கதையை நம்மில் பலர் அறியார். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965-ஆம் ஆண்டு யூஜின் ஸ்டெட் என்னும் மருத்துவப் பேராசிரியர் இப்படிப்பைத் தொடங்கினார். முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் நால்வர். நால்வரும் கடற்படையில் மருத்துவப் பணியாளர்களாக இருந்தவர்கள். காயத்தையும் காய்ச்சலையும் நேரில் கண்டவர்கள். ஆனால் கையில் பட்டமில்லாதவர்கள். 1967-இல் அவர்களுள் மூவர் தேர்ச்சி பெற்று வெளிவந்தனர். 1969-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ஸ்மித் என்னும் மருத்துவர் தொடங்கிய மெடெக்ஸ் திட்டமும், படையில் மருத்துவப் பணி புரிந்து திரும்பியவர்களை நம்பியே எழுந்தது.

இதன் பொருள் என்ன? அனுபவம் அப்படிப்புக்கு அலங்காரமாக வந்து சேரவில்லை, அடித்தளமாகவே இருந்தது. நோயாளியைத் தொட்டுப் பழகிய கைக்குப் புத்தக அறிவைக் கொடுத்தால் எத்தனை பயன் விளையும் என்ற எண்ணத்திலிருந்தே அத்தொழில் முளைத்தது. அதனால்தான் இன்றைக்கும் அமெரிக்கப் பள்ளிகள் பலவும் விண்ணப்பதாரரைப் பார்த்து, "நோயாளியோடு எத்தனை மணி நேரம் வேலை செய்தாய்?" என்று கேட்கின்றன. ஆயிரம் மணி நேரம் கேட்கும் பள்ளிகள் உண்டு. இரண்டாயிரம் கேட்பவையும் உண்டு. நோயாளியை நேரே கவனித்த வேலை வேறு, மருத்துவமனைக்குள் செய்த பிற வேலை வேறு, மருத்துவர் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தது வேறு என்று விண்ணப்பத்திலேயே பிரித்துக் கேட்கிறார்கள்.

நம் நாட்டில் இப்படிப்பு வந்தது 1992-இல். இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன் சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையில் இதைத் தொடங்கினார். ஆனால் இங்கே பாதை வேறாயிற்று. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்த பிள்ளைகள் நேரே வந்து சேருகிறார்கள். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டு. முன் அனுபவம் உண்டா என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை. 2021-ஆம் ஆண்டு நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், இத்தொழிலையும் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. தொழிலுக்கு ஓர் அடையாளம் கிடைத்தது, வரவேற்போம். ஆனால் அச்சட்டம் ஒரு மாணவனின் உள்ளத்துக்குள் நுழைந்து, "உனக்கு இந்த வேலை பிடிக்குமா?" என்று கேட்குமா? கேட்காது. அந்தக் கேள்வியை நாமேதான் நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேலை மீது ஆசையா, பெயர் மீது ஆசையா?

என் வகுப்பிலே நல்லவர்கள் இருக்கிறார்கள், அறிவாளிகள் இருக்கிறார்கள். ஆயினும் சிலர் முகத்தில் எப்போதும் ஓர் ஏக்கம் தெரிகிறது. அவர்கள் கேட்டது மருத்துவர் நாற்காலி. கிடைத்தது அதன் பக்கத்து நாற்காலி. நான்கு ஆண்டும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தால், தம் நாற்காலியில் அவர்கள் எப்படி நிம்மதியாக உட்கார முடியும்?

இதை அவர்களுடைய தனிப்பட்ட குறையாக நான் கருதவில்லை. வீட்டாரும் உறவினரும் சேர்ந்து செய்யும் காரியம் இது. "எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, பரவாயில்லை, இதுவும் டாக்டர் மாதிரிதான்" என்று சொல்லி அனுப்பி விடுகிறார்கள். 'மாதிரிதான்' என்ற அந்த ஒரு சொல் எத்தனை பிள்ளைகளை வாட்டுகிறது! இது டாக்டர் மாதிரி அன்று. இது வேறு தொழில். மருத்துவர் முடிவு செய்வார். துணைவர் அம்முடிவுக்கு வேண்டிய செய்திகளைத் திரட்டித் தருவார். முடிவு எடுக்கப்பட்டபின் அதை நிறைவேற்ற உதவுவார். இரண்டாம் இடத்தில் நின்று முதல் தரமாக வேலை செய்வதில் யாருக்கு மகிழ்ச்சி உண்டாகிறதோ, அவருக்கே இத்தொழில் உரியது.

இங்கிலாந்தில் இவ்விவாதம் பெரிதாக எழுந்தது. அங்கே இத்தொழிலினர் 'பிசிஷியன் அசோசியேட்' என்று அழைக்கப்பட்டனர். தம்மைப் பார்ப்பவர் மருத்துவர்தாம் என்று நோயாளிகள் எண்ணிவிடுகிறார்கள் என்ற கவலை பரவியது. பேராசிரியர் கில்லியன் லெங் நடத்திய ஆய்வு 2025 ஜூலையில் வெளிவந்தது. பெயரை 'அசிஸ்டென்ட்' என்றே மாற்ற வேண்டும், வரையறுத்த நெறிமுறைகளுக்கு வெளியே, நோய் இன்னதென்று கண்டறியப்படாத நோயாளியை அவர்கள் பார்க்கக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. பெயரில் ஒரு சொல் நாடு முழுவதும் வழக்காகிறது என்றால், தன் எல்லையை அறிவது இத்தொழிலுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை உணரலாம்.

தன் எல்லையை எங்கே கற்பது? பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி இருக்கிறது. படித்துத் தேர்வும் எழுதலாம். ஆனால் நள்ளிரவில் ஒரு நோயாளி வலி தாங்காமல் கதறும்போது, நமக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது, யாரை எழுப்ப வேண்டும் என்பதை வார்டுதான் கற்றுத் தரும்.

பணமும் இதில் அடங்கியிருக்கிறது. விடியும் முன்பே இட்லிப் பானை ஏற்றும் வீடு எங்களுடையது. தாராவியில் அப்படி எத்தனையோ வீடுகள். அவ்வீட்டார் நான்கு ஆண்டுக் கட்டணம் கட்டுவது விளையாட்டா? அம்மாவின் நகையோ, அப்பாவின் சீட்டுப் பணமோ, ஊரில் கிடந்த ஒரு துண்டு நிலமோ அதில் கரைகிறது. இரண்டாம் ஆண்டில், "இது எனக்கு ஒத்து வராது" என்று பிள்ளை சொன்னால் அந்தப் பணத்தை யார் திருப்பித் தருவார்? ஆறு மாத வேலை அந்த ஆபத்தைக் குறைக்கிறது.

எந்த வேலையைத் தேர்ந்தெடுப்பது?

இனி இரண்டாம் செய்திக்கு வருகிறேன். அனுபவம் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டவர்களும், வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது மருத்துவமனையின் பெயரைப் பார்க்கிறார்கள். கண்ணாடிக் கட்டடமா, குளிர்சாதன வசதி உண்டா, சான்றிதழில் முத்திரை பெரிதாக விழுமா என்று பார்க்கிறார்கள். அங்கே போய் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, காப்பீட்டுத் தாள்களை அடுக்கிவிட்டு வருகிறார்கள். மருத்துவமனைக்கு அதுவும் வேண்டிய வேலைதான். ஆனால் ஆறு மாதத்தில் ஒரு நோயாளியின் நாடியையாவது தொட்டார்களா?

மருத்துவத் துறையில் நமக்குக் கிடைக்கக் கூடிய வேலைகளை மூன்றாகப் பிரிக்கலாம். பார்க்கும் வேலை, சுற்றும் வேலை, தொடும் வேலை. மருத்துவர் பின்னால் நின்று கவனிப்பது பார்க்கும் வேலை. மருந்துக் கடை, பதிவு மேசை, கணக்கு ஆகியவை சுற்றும் வேலை. நோயாளியைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, நடக்கப் பழக்குவது, காய்ச்சல் பார்த்துக் குறிப்பது ஆகியவை தொடும் வேலை. முதல் இரண்டையும் இகழ வேண்டாம். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்குமானால் மூன்றாவதையே தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து.

நான் விண்ணப்பிக்கும் முன் ஒன்பது மாதம் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் இரவு நேர உதவியாளாக இருந்தேன். பெருமைப்படத்தக்க பதவி அன்று. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் போடுவது, சிறுநீர்ப் பையின் அளவைக் குறிப்பது, பெட்பேன் வைப்பது, கழுவுவது. ஓர் இரவு, முதியவர் ஒருவரின் பையில் பத்து மணிக்கு இருந்த அளவே நான்கு மணிக்கும் இருந்தது. சிஸ்டரிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்தார். குழாய் அடைத்திருந்தது. சரி செய்ததும் முதியவர் முகம் தெளிந்தது. மருத்துவர் அவரைப் பார்த்தது ஒரு நாளில் ஐந்து நிமிடம்; நான் பார்த்தது எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்தை அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஒழுங்காகக் கொண்டு சேர்ப்பதுதான் துணைவரின் தொழில் என்பது எனக்கு அங்கே விளங்கியது. இன்று வகுப்பில் திரவச் சமநிலை பற்றிப் பாடம் நடந்தால், எனக்கு அந்தப் பை நினைவுக்கு வருகிறது.

வேலையைத் தேர்ந்தெடுக்க நான்கு கேள்விகள் போதும்.

ஒன்று: என் கை நோயாளி மேல் படுமா?

இரண்டு: அதே நோயாளியை மீண்டும் மீண்டும் பார்ப்பேனா? ஒரு முறை வந்து போகும் நோயாளி நமக்கு நோயைக் காட்டுவார். பல நாள் பார்க்கும் நோயாளியோ நோய் எப்படி நகருகிறது என்பதைக் காட்டுவார்.

மூன்று: எனக்குக் கற்றுத் தரவும் வேண்டும்போது என்னைத் தடுக்கவும் தகுதியுள்ள ஒருவர் மேலே இருக்கிறாரா?

நான்கு: இவ்வேலை என் குடும்பத்தைக் கடனில் தள்ளாமல் இருக்குமா?

நான்குக்கும் 'ஆம்' என்று விடை வந்தால், அந்த இடம் மாடியில் இருந்தால் என்ன, சந்தில் இருந்தால் என்ன?

நம் வட்டாரமே நம் பள்ளி

இத்தகைய வேலையைத் தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் மூன்று வட்டாரங்களும் மூன்று வகைப் பாடம் சொல்லக் காத்திருக்கின்றன.

தாராவியை எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரல் முதல் நாள் அங்கே முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது, உலகமே அச்சத்தோடு பார்த்தது. இரண்டரை சதுர கிலோமீட்டருக்கும் உட்பட்ட நிலத்தில் இலட்சக் கணக்கான மக்கள்; பொதுக் கழிப்பறைகள்; பத்தடி அறைகள். அங்கே நோயைத் தணித்தது எது? வீடு வீடாகச் சென்று காய்ச்சல் பார்த்தவர்களின் உழைப்பு. மாநகராட்சி ஊழியர்களும், அப்பகுதித் தனியார் மருத்துவர்களும், ஆரோக்கிய சேவிகைகள் எனப்படும் பெண் தொண்டர்களும் சந்து சந்தாக நடந்தார்கள். நோயைத் தேடிப் போக வேண்டும் என்னும் பாடத்தை அதைவிடத் தெளிவாக யார் சொல்லித் தர முடியும்?

இன்றும் அங்கே காசநோய் இருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய்க்கே ஆறு மாதம் விடாமல் மருந்து உண்ண வேண்டும். இரண்டாம் மாதத்தில் உடம்பு தேறியதும் பலர் நிறுத்தி விடுகிறார்கள். ஏன் நிறுத்துகிறார்கள் என்பதை அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டவனுக்கே தெரியும். அறுபது அடிச் சாலையில் மக்கள் 'சோட்டா சயான்' என்று அழைக்கும் நகர்ப்புற நல மையம் இருக்கிறது. சயான் மருத்துவமனையைச் சேர்ந்தது அது. அந்த சயான் மருத்துவமனையில்தான் 1989-இல் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். பத்தாண்டு கழித்து அவர் தொடங்கிய 'ஸ்னேகா' என்னும் அமைப்பு, தாராவியில் தாய் சேய் நலத்துக்காக உழைத்து வருகிறது. பெரிய மருத்துவர் ஒருவர் வார்டை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தார். தெருவிலேயே பிறந்த நாம் தெருவைக் கண்டு நாணலாமா?

மாட்டுங்காவின் பாடம் வேறு. தென்னிந்தியர் வந்து குடியேறிப் பள்ளியும் கோயிலும் சங்கமும் கண்ட பழைய பகுதி அது. இன்று அங்கே பல வீடுகளில் முதியவர்கள் தனித்திருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். பக்கவாதம் வந்தவர், இடுப்பு எலும்பு முறிந்தவர், நினைவு தப்பியவர் என்று வீட்டுக்கு வீடு கதை உண்டு. அவ்வீடுகளில் முதியோரைக் கவனிக்கும் பணிக்கு ஊதியமும் கிடைக்கிறது. ஒரு பாட்டிக்கு நாள்தோறும் நான்கு வேளை மாத்திரை கொடுத்து, அவர் தடுமாறி விழாமல் காத்து, இரத்த அழுத்தம் குறித்து வைத்தவருக்கு முதுமையைப் பற்றிப் புத்தகம் புதிதாக என்ன சொல்லப் போகிறது? பாட்டி அவரைத் தம் பேரனைப் போல் நடத்துவார். சில நாள் திட்டவும் செய்வார். இரண்டையும் தாங்கத் தெரிவதும் கல்விதான்.

செம்பூரிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் டயாலிசிஸ் மையங்கள் உள்ளன. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை வருகிறார்கள். வந்தால் நான்கு மணி நேரம் படுத்திருக்கிறார்கள். மாதக் கணக்கில் அதே முகங்கள். அவர்களுக்குப் போர்வை போர்த்தி, எடை பார்த்துக் குறித்து, பேச்சுத் துணையாக இருப்பவன், சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் கவனிக்கப்படாமல் போனால் எங்கே கொண்டு விடும் என்பதை மறக்கவே மாட்டான்.

தமிழும் ஒரு கருவி

இன்னொரு செல்வம் நம்மிடம் இருக்கிறது. அது நம் மொழி. நெல்லைச் சீமையிலிருந்து வந்த ஆச்சி ஒருவர் மருத்துவமனைக்குப் போகிறார். "மேலுக்கு முடியல, நெஞ்சு கரிக்கு, கிறுகிறுன்னு வருது" என்கிறார். எதிரே இருக்கும் இளம் மருத்துவர் மராட்டியர். அல்லது பீகாரிலிருந்து வந்தவர். உடன் வந்த பேரன் இந்தியில் "கேஸ் டிரபிள்" என்று இரண்டு சொல்லில் முடித்து விடுகிறான். அந்த இரண்டு சொல்லில் எத்தனை செய்தி செத்துப் போயிற்று! மயக்கம் போயிற்று, சோர்வு போயிற்று, எப்போது தொடங்கியது என்பதும் போயிற்று. நெஞ்சு கரிப்பது வயிற்றுப் புளிப்பாகவும் இருக்கலாம். மாரடைப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். "வாய்வுப் பிடிப்பு" என்று சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்தவர்கள் எழுந்திராமல் போன கதை நம் தெருக்களில் இல்லையா?

ஆச்சி சொன்ன சொல்லை ஒன்றுகூட விடாமல் கேட்டு, கூட்டாமல் குறைக்காமல் மருத்துவரிடம் சேர்ப்பவன் அரும்பணி செய்கிறான். துணைவராக விரும்புவோருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இல்லை. ஏனெனில் அவர் நாளை செய்யப் போவதும் இதுவே: கேட்பது, ஒழுங்கு செய்வது, சேர்ப்பது.

எச்சரிக்கை வேண்டும்

தொடும் வேலை என்றேன். அதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. சில கிளினிக்குகளில் கம்பவுண்டர் என்ற பெயரில் சேரும் பிள்ளைகளைச் சில நாளிலேயே ஊசி போடச் சொல்கிறார்கள். அப்படி ஓர் இடத்துக்கு நானும் வேலை கேட்டுப் போயிருக்கிறேன். இரண்டாம் நாளே, "ஊசி போடப் பழகிக்கொள், கூட்டம் அதிகம்" என்றார்கள். மூன்றாம் நாள் நான் போகவில்லை. "நல்ல அனுபவத்தை விட்டுவிட்டாயே" என்று நண்பர் ஒருவர் வருந்தினார். அது அனுபவம் அன்று, அபாயம். நோயாளி நம்மை நம்பிக் கையை நீட்டுகிறார். பயிற்சியும் உரிமையும் இல்லாத கையால் அவரைக் குத்துவது துரோகம் அல்லவா? பதிவு பெறாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வழி செய்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நம் உடலையும் காத்துக்கொள்ள வேண்டும். வேலையில் சேரும் முன்பே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்குங்கள். முதல் ஊசிக்குப் பின் ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் மற்ற இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள். காசநோயாளி அருகே பணி புரியும்போது, அதற்கு உரிய முகக்கவசத்தைக் கேட்டு வாங்குங்கள். கண்டதைத் தெருவில் பேசாதீர்கள். நம் தெருக்கள் குறுகலானவை. ஒரு வீட்டு நோய் மறுநாள் பத்து வீட்டுக்குச் செய்தியாகி விடும். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் காசநோய் என்ற சொல் செய்யும் கேட்டை நான் சொல்லத் தேவையில்லை.

மறுப்புரைகள்

"படிப்பிலேயே கடைசியில் பயிற்சிக் காலம் இருக்கிறதே, முன்னால் எதற்கு?" என்று கேட்கிறார்கள். பயிற்சிக் காலம் வருவது கட்டணமெல்லாம் கட்டிய பிறகு. கலியாணம் முடிந்தபின் பெண் பார்க்கப் போவாருண்டோ?

"ஓராண்டு வீணாகிறதே" என்கிறார்கள். நீட் தேர்வுக்காக இரண்டாண்டும் மூன்றாண்டும் அறைக்குள் அடைந்து கிடப்பதை வீண் என்று சொல்லாதவர்கள், ஆறு மாதம் மனிதருக்கு உதவுவதை வீண் என்கிறார்களே! தேர்வுக்கும் கலந்தாய்வுக்கும் இடையே கிடக்கும் மாதங்களையே இதற்குப் பயன்படுத்தலாம்.

"ஏழைப் பிள்ளை சம்பளமில்லாமல் எப்படி வேலை செய்வான்?" இது நியாயமான கேள்வி. இதற்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டும். சம்பளமில்லாத் தொண்டு வசதியுள்ளவர்க்கே எளிது. அமெரிக்காவிலும் இக்குறை பேசப்படுகிறது. ஆகவேதான் நான்காவது கேள்வியை நான் சேர்த்தேன். கூலி கிடைக்கும் உதவியாளர் வேலையைத் தேடுவதில் இழுக்கில்லை. ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்னும் சில மாதப் பயிற்சி உண்டு. அதை முடித்தால் வார்டுகளில் சேர வழி பிறக்கும். கண்ணாடிக் கட்டடத்தில் இலவசமாக நிற்பதைவிடச் சிறு நர்சிங் ஹோமில் கூலி வாங்கிக்கொண்டு நோயாளியைக் கவனிப்பது, வீட்டுக்கும் நல்லது, கல்விக்கும் நல்லது.

வேலை செய்யாமலே சான்றிதழ் வாங்க வழி உண்டா என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இது: இந்தியக் கல்லூரிகள் பல அச்சான்றிதழைக் கேட்பதே இல்லை. கேட்காத ஒன்றைப் பொய்யாக வாங்கி யாரை ஏமாற்றப் போகிறீர்கள்? அமெரிக்காவுக்குப் போகும் எண்ணமிருந்தால் இன்னொன்றையும் அறியுங்கள். இந்தியாவில் பெற்ற பட்டத்தை வைத்து அங்கே இத்தொழிலைச் செய்ய இயலாது. அங்கே அங்கீகாரம் பெற்ற பள்ளியிலேயே படித்து முடித்தவர்தாம் உரிமத் தேர்வு எழுத முடியும். அப்பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் அனுபவ நேரம் தேவைப்படும். அது உண்மையானதாக இருக்கட்டும்.

மன்றம் செய்ய வேண்டியது

நம் மன்றம் ஆண்டுதோறும் விழா எடுக்கிறது, பட்டிமன்றம் நடத்துகிறது, மலர் வெளியிடுகிறது. மகிழ்ச்சி. இவற்றோடு மூன்று காரியங்களையும் செய்யலாம். மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் தமிழ் மாணவர், முன்னாள் மாணவர் ஆகியோர் பெயரேடு ஒன்று வேண்டும். புதியவர் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று அவர்கள் சொல்வார்கள். மருத்துவமனை நிர்வாகத்தின் இசைவு பெற்று, வெளி நோயாளிப் பிரிவில் தமிழ் மட்டுமே அறிந்த முதியோருக்கு மொழி உதவி செய்யும் தொண்டர் அணி ஒன்று வேண்டும். வேலைக்குச் செல்லும் மாணவருக்குத் தடுப்பூசி போட ஒரு நாள் ஒதுக்க வேண்டும். இம்மூன்றுக்கும் பெரும் பணம் தேவையில்லை. பொறுப்பேற்க நான்கு பேர் தேவை. ஒருவனாக நான் வருகிறேன். இன்னும் மூவர் வேண்டும்.

அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க இருக்கும் தம்பி தங்கையர்க்கு ஒரு சொல். ஆறு மாதம் ஒரு வார்டில் நில்லுங்கள். நாற்றம் இருக்கும், தூக்கம் கெடும், சில நாள் திட்டு விழும். ஆறாம் மாத முடிவில், நாளைக்கும் அந்த வார்டுக்குப் போக வேண்டும் என்று மனம் சொல்கிறதா என்று பாருங்கள். சொன்னால், துணிந்து விண்ணப்பியுங்கள். எந்தத் தேர்வும் தராத உறுதி உங்களிடம் வந்துவிட்டது. சொல்லாவிட்டாலும் தோல்வி இல்லை. நான்கு ஆண்டையும் அம்மாவின் நகையையும் காப்பாற்றினீர்கள். அந்த ஆறு மாதத்தில் சில மனிதர்களுக்குத் துணையாகவும் இருந்தீர்கள்.